மேபல் மச்சாளின் நடுக்கம்

"என்ர மச்சாளுக்கு ஆரோ நஞ்சு வைக்கினம் எண்டு என்ர மனுசன் சொல்லுறார்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மருந்துச்சாலைகளில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற நாகேந்திரத்தைக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எல்லோரும் அப்போதிக்கரி ஐயா என்றுதான் அழைத்தார்கள். பொலிசுக்குப் போகப் பயந்தவர்கள் அவரிடம் வருவார்கள். 1993ஆம் ஆண்டில், பொலிசுக்குப் போகப் பயப்படாத தமிழர் யாரும் அந்தத் தெருவில் இருக்கவில்லை.

"ஆர்சனிக்!" என்றார் றேமண்ட். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாகேந்திரத்தின் நிழல்போல எங்கும் கூடப் போகிறவர்.

"முதல் அவ சொல்லி முடிக்கட்டும் றேமண்ட். நஞ்சைப் பிறகு தெரிவுசெய்வம்."

கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். மேபல், கணவன் ஹியூபேட்டின் அக்கா. நாற்பது வருடமாக மூச்சிழுக்கும் முட்டு வருத்தக்காரி. போன மாதம்தான் கிளாலிக் கடலேரி கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். வந்ததும் முட்டு கூடிவிட, சந்தி டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தார்கள். முட்டு அடங்கியது. ஆனால் நாலாம் நாளிலிருந்து கை நடுக்கம், சாப்பிட்டதெல்லாம் சத்தி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையே இல்லை. போன கிழமை வலிப்பும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அதே டிஸ்பென்சரிக் குளிசைதான் கொடுத்தார்கள், நடுக்கம் நின்றது. முந்தாநாள் வீட்டுக்கு வந்தவளுக்கு அன்றிரவே மறுபடியும் சத்தி.

"அங்க சுகம், வீட்டில வருத்தம். அப்ப சமைக்கிறவள்தான் எண்டு இவர் முடிவு கட்டியிட்டார். தெரு முழுக்கச் சொல்லியாச்சு. பின்னேரம் இராமலெட்சுமியைப் பொலிசில குடுக்கப்போறாராம்."

இராமலெட்சுமி பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நாலு வருடமாக அவர்கள் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் அடையாள அட்டை இல்லை. உள்ளே போனால் எப்போது வெளியே வருவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்காமலே கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்குள் நடமாடினாள். அவள் செய்திருப்பாள் என்று நம்பவுமில்லை. செய்யவில்லை என்று கணவனிடம் சொல்லவுமில்லை.

"எல்லாருக்கும் ஒரே சாப்பாடோ?" என்று நாகேந்திரம் கேட்டார்.

"ஒரே பானை. கோப்பி மட்டும் மச்சாளுக்குத் தனிய. கடுங்கோப்பி, நாளைக்கு நாலு தரம். முட்டுக்கு நல்லமெல்லோ."

"கோப்பி!" றேமண்ட் எழுந்தே விட்டார். "கசப்புக்குள்ள கசப்பை ஒளிச்சிருக்கிறாள்!"

"இரும் ஐசே. தங்கச்சி, டிஸ்பென்சரிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"நான்தான். மச்சாளுக்குச் சிங்களம் தெரியாது. நான்தான் கதைச்சனான்."

சொல்லிவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது, இராமலெட்சுமி ஒரு துணிப்பையை மடியில் வைத்தபடி குசினிப் படியில் இருந்தாள். "சாமி சத்தியமா நான் ஒண்ணுமே கலக்கலைங்க," என்றாள், யாரும் கேட்காமலே.

நாகேந்திரம் டிஸ்பென்சரி உறையை வாங்கிக் குளிசைகளை எண்ணினார். இருக்க வேண்டிய கணக்குக்குச் சரியாக இருந்தன; யாரும் எடுத்துக் கலக்கவில்லை. றேமண்டின் முகம் வாடியது. நாகேந்திரம் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, மேபலின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது குதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இதைவிட வேற மருந்தேதும் குடிக்கிறனீங்களோ?"

"ஓம். ஊர்க் குளிசையும் குடிக்கிறன்தானே," என்றாள் மேபல், இதிலென்ன கேள்வி என்பதுபோல. தலையணைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உறை கிடைக்காத ஊரில், கொப்பித் தாளைக் கிழித்து மடித்துக் கட்டிய குளிசைகள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறந்துபோனன். ஊரில ஒரு குளிசைக்கு எத்தினை நாள் வரிசையில நிக்கவேணும் தெரியுமே ஐயா? எறிய மனம் வருமே?"

"இதை டாக்குத்தருக்குச் சொல்லேல்லையோ?"

"கொன்ஸ்ரன்ஸ் சொன்னவதானே. அவதான் எனக்காகக் கதைச்சவ, பாவம்."

கொன்ஸ்ரன்ஸுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. டிஸ்பென்சரியில் வாங்குப் பலகை நிறைய ஆட்கள். ஓரத்தில் காக்கிக் காற்சட்டைக்காரன் ஒருவன். டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்: "வென பெஹெத் பொனவத?" வேறு மருந்து குடிக்கிறாவா? ஓம் என்றால், எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் யாழ்ப்பாணம். அந்தச் சொல் அந்த வாங்கில் விழுந்தால், புலியோ என்று காக்கிக்காரன் எழும்பி வருவான். மேபலின் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள்: "நே." இல்லை.

நாகேந்திரம் இரண்டு குளிசைகளையும் உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். "இது ஊர்க் குளிசை, மஞ்சள், தியோபிலின். இது டிஸ்பென்சரிக் குளிசை, வெள்ளை, அமினோபிலின். பேரும் நிறமும் வேற. வயித்துக்குள்ள போனால் ரெண்டும் ஒரே மருந்துதான். ஒண்டு எண்டால் முட்டு வருத்தத்தை அடக்கும். ரெண்டும் சேர்ந்தால் நடுக்கம், சத்தி, படபடப்பு, கடைசியில வலிப்பு. ஆஸ்பத்திரியில வெள்ளை மட்டும், சுகம். வீட்டில ரெண்டும். கடுங்கோப்பியும் அதே இனத்துச் சாமான்தான். எரியிற நெருப்புக்கு விறகு."

"பாத்தீங்களே, கோப்பி!" என்றார் அறை வாசலில் நின்ற ஹியூபேட். "அப்ப கோப்பி ஊத்தினவளுக்கும் இதில பங்கிருக்கு. மற்றது அந்த டாக்குத்தர். அக்காவிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை, பாருங்கோ!"

நாகேந்திரம் கொன்ஸ்ரன்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு, பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினார். அவர் வாய் திறக்கப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பேசாமல் நின்றால் போதும். பழி டாக்டருக்கும் குசினிக்குமாகப் பிரிந்து போய்விடும்.

"கேட்டவர்," என்றாள். "நான்தான் இல்லையெண்டனான். மச்சாளிட்டக் கேக்கவுமில்லை. கோப்பியைக் கடும்பா ஊத்தச் சொன்னதும் நான்தான்."

ஹியூபேட் அவள் பக்கம் திரும்பினார்.

"பேச்சைப் பிறகு வைப்பம்," என்றார் நாகேந்திரம். "அக்காவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும், ரெண்டு மருந்தோடையும். தம்பி ஹியூபேட், அவங்கள் கேக்கிறதை முதல் அக்காவிட்டத் தமிழில கேட்டுப்போட்டு மறுமொழி சொல்லும்."

மேபலையும் ஹியூபேட்டையும் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டி புறப்பட்டது. கொன்ஸ்ரன்ஸ் குசினிப் படிக்குப் போனாள்.

"பையை உள்ளுக்கு வை இராமலெட்சுமி. ஐயாவுக்கு எல்லாம் சொல்லியிட்டன்."

"கேட்டுச்சும்மா." அவள் எழவில்லை. "நஞ்சு வச்சவள்னு ஐயா தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. காலையில தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் வாளியைத் தள்ளி வைக்கிறாங்க. நீங்க வீட்டுக்குள்ள சொன்னா எனக்கு என்னங்கம்மா ஆகும்?"

இரண்டு நாளுக்குப் பிறகு கொன்ஸ்ரன்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்; ஆனால் கண் தாழவில்லை.

"வா," என்றாள்.

தெருவில் பதினொரு வீடுகள். முதல் வீட்டுக் கதவை ஜவாஹிறா திறந்தாள். கொன்ஸ்ரன்ஸைக் கண்டு சிரித்தவள், பின்னால் நின்றவளைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினாள்.

"ஜவாஹிறா, சாத்தாதேயும்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "இவள் ஒண்டும் செய்யேல்லை. செய்தது நான். எப்பிடியெண்டு சொல்லுறன், கேளும்."