டிபன் கணக்கில் சேராது

செங்குடியில் பொழுது விடிந்ததும் முதலில் விழித்துக்கொள்வது நாற்காலிகள்தான். உட்கார்ந்தவரின் எடையைப் பார்க்கும். பார்த்ததைச் சமையலறைக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் சுவரில் இருக்கும் சின்னக் கதவு திறந்து தட்டு வெளியே வரும். அன்று தில்லைநாயகத்தின் தட்டில் வேகவைத்த சுரைக்காயும், அரை அகப்பைக் கஞ்சியும், ஒரே ஒரு சுண்டைக்காய் வற்றலும் இருந்தன.

"இன்னொரு வத்தல் போட்டா குடி முழுகிப் போயிடுமா?" என்றார் அவர்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. தோணி வர இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது" என்றான் அளவன்.

அளவனுக்குக் கைகால் கிடையாது. சுவருக்குள் குடியிருந்து சமைத்து, அளந்து, பரிமாறும் இயந்திரம் அவன். செவ்வாய்க் கோளில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கும் அந்தத் தமிழ்க் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவன் உண்டு. அவனுக்கு நிரல் எழுதியவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. 'கொஞ்சம்' என்று கேட்டால் ஒரு வீட்டில் ஒரு கரண்டி, இன்னொரு வீட்டில் ஒரு குண்டான். எந்த அகராதியை வைத்துச் சமாளிப்பது? அதனால் அளவன் குடும்பத்தார் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, அவர்கள் பேச்சுப்படியே சொற்களுக்குப் பொருள் குறித்துக்கொள்வான் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அளக்க வேண்டிய அவசியம் செவ்வாய்க்காரர்களுக்கு நிறையவே இருந்தது. அங்கே உடம்பு பூமியில் இருப்பதில் பாதிகூடக் கனக்காது. வந்திறங்கியவர்கள் அந்தச் சந்தோஷத்திலேயே மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடத் தொடங்குவார்கள். தண்ணீர்க் குழாய் மேற்பார்வையாளராகப் பதினான்கு வருடங்களுக்கு முன் வந்த தில்லைநாயகமும் அப்படித்தான். ஆனால் பூமிக்குத் திரும்பும் விண்தோணிக்காரர்கள் இந்தக் கதையெல்லாம் கேட்க மாட்டார்கள். பூமிக் கணக்கில் எழுபது கிலோ, அதற்கு மேல் ஒரு ஆளையும் ஏற்ற மாட்டார்கள். எரிபொருள் அப்படி. அடுத்த தோணி இரண்டு வருடம் கழித்துத்தான்.

இந்தத் தோணியில் அவர் ஏறியே ஆக வேண்டும். படிக்கப் போன மகள் ஆதிரைக்கு மன்னார்குடியில் கல்யாணம். "திரையில வந்து தாரை வார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்ப்பா. நீங்களும் அம்மாவும் நேர்ல வந்து நில்லுங்க" என்று அவள் சொல்லி அனுப்பிய சேதி இருபது நிமிடம் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது, தில்லைநாயகம் ஒரு கிண்ணம் நிறையச் சேமியா பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார். அதோடு கரண்டியைக் கீழே வைத்தவர்தான்.

தன்னைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அளவனிடம் ஒரு சத்தியம் வாங்கி, அதைத் தோணி அலுவலகத்திலும் பதியவைத்தார். 'நான் கெஞ்சினாலும் சாப்பாட்டைக் கூட்டாதே. அழுதாலும் கூட்டாதே. உடம்பு சரியில்லை என்று சொன்னால் நம்பவே நம்பாதே.' மூன்றாவது நிபந்தனை வீண்போகவில்லை. இரண்டாவது வாரமே காய்ச்சல் என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும் கேட்டுப் பார்த்தார். நாற்காலி அவர் உடம்புச் சூட்டையும் சொல்லிக் குட்டை உடைத்துவிட்டது. மனைவி மங்கையர்க்கரசி சிரித்த சிரிப்பில் போர்வை தானாக விலகியது.

அவர் எழுபத்திரண்டுக்கு வந்திருந்த நேரத்தில் நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

கூரையின் காற்று வடிகட்டிகளை மாற்றும்போதெல்லாம் ஊருக்குள் புகுந்து புறப்படும் கூரைக்காய்ச்சல் அது. உடம்பு அனலாகக் கொதித்தது. கஞ்சியைப் பார்த்தாலே குமட்டியது. மூன்று நாள் தண்ணீரும் தூக்கமுமாகக் கிடந்துவிட்டு, மங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார்.

"வாழ்த்துகள் ஐயா! அறுபத்தெட்டரை!" என்றான் அளவன். சமையலறை விளக்குகள் பண்டிகை போல நிறம் மாறி மாறி எரிந்தன. தெருமுனையில் இருந்த இளைத்தோர் பலகையில் அவர் பெயர் முதலிடத்துக்கு ஏறியது.

பலகையைப் பார்த்துவிட்டு முதலில் ஓடிவந்தவர் பக்கத்து வீட்டுச் சேவியர். அவரும் தோணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு எண்பதில் நின்று தவித்துக்கொண்டிருப்பவர்.

"அண்ணே! கன்னமெல்லாம் ஒட்டி, ஆளே மாறிட்டீங்களே! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க?"

"காய்ச்சல்ப்பா" என்றார் தில்லைநாயகம் கண்ணைத் திறக்காமலே.

சேவியர் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகத்தில் கட்டியிருந்த மறைப்பை மெதுவாகக் கீழே இறக்கினார். "இன்னும் இருக்கா? அப்படியே என் பக்கம் ஒரு தடவை இருமுங்களேன்."

"தம்பி, மொதல்ல வெளிய போங்க" என்று மங்கை அவரைக் கதவு வரை தள்ளிக்கொண்டு போனாள். அவர் போன பிறகும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: சூப்பராக இளைத்துவிட்டார். தண்ணீர் டம்ளரை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் அவர் பிடித்துக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தது டாக்டர் நூர்ஜகான்தான், அதுவும் திரை வழியாக.

"ஏன் சார், கொழுப்பு போச்சுன்னு சந்தோஷப்படுறீங்களா? போறது தசை. காய்ச்சல் நேரத்துல உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகமாத் தீனி வேணும். நீங்க போடலைன்னா அது உங்களையே தின்னும். டயட்டை மூட்டை கட்டி வைங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். பருப்பு கட்டாயம் இருக்கணும்."

"எடை ஏறிடுச்சுன்னா டாக்டர்?"

"எடை குறைஞ்சா தோணி ஏறலாம். பூமியில இறங்கினதும் மூணு மடங்கு கனக்குமே, அப்ப கால் நிக்கணும்ல? பொண்ணுக்குத் தாரை வார்க்க உங்களை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சா மேடை ஏத்துறது?"

தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் போக முடியாமல் போகுமோ என்று பயந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தும் நிற்க முடியாமல் போகும் என்று நினைத்ததே இல்லை.

"சத்தியத்தை மாத்தச் சொல்லுங்களேன் டாக்டர்."

"அதுக்குத் தோணி ஆபீஸ்ல மனுப் போடணும். போட்டா உங்க சீட்டு அடுத்த தோணிக்குப் போயிடும்."

மங்கை அளவனிடம் மன்றாடினாள். "இப்ப நெஜமாவே காய்ச்சல்டா. நாற்காலியைக் கேளு."

"கேட்டேன் அம்மா. காய்ச்சல் உண்மைதான். ஆனால் அது நம் திட்டத்துக்கு எதிராகச் செயல்படவில்லை. மிகவும் ஒத்துழைக்கிறது."

அவள் தன் தட்டிலிருந்து இரண்டு வாய் ஊட்டிப் பார்த்தாள். கைமாறிய சோற்றை அளவன் கணக்கிட்டு, சாயங்காலக் கஞ்சியில் அதைக் கழித்துவிட்டான். மங்கைக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுவரை இடிக்கலாமா என்றுகூட யோசித்தாள்.

மறுநாள் காலை சேவியர் மறுபடியும் வாசலில் நின்றார். "அண்ணனுக்கு எப்படி இருக்கு? நீங்க சாப்பிட்டாச்சாக்கா?"

"எங்க தம்பி! நாலு இட்லியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கேன். இன்னும் சாப்பிடல."

"ஆம்" என்று சுவரிலிருந்து அளவன் கனிவோடு ஒத்து ஊதினான். "அம்மா இன்று இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. மதியத் தட்டில் சற்றுக் கூடுதலாக வைக்கிறேன்."

 மங்கைக்குப் பொறி தட்டியது. சேவியரை வாசலிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு விரைந்தாள்.

"அளவா, ஐயாவுக்குச் சாப்பாடு வேண்டாம்."

"மிக்க மகிழ்ச்சி அம்மா."

"டிபன் மட்டும் குடு."

"எவ்வளவு வேண்டும்?"

அவள் திருப்பிக் கேட்டாள். "எவ்வளவு குடுக்கலாம்?"

"டிபனுக்கு வரம்பு எதுவும் பதிவாகவில்லை. இந்த வீட்டில் டிபன் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. பதினான்கு ஆண்டுகளாக நான் கேட்டு வருகிறேன், ஒருமுறைகூடச் சேர்ந்ததில்லை."

"தொட்டுக்கிற சட்னி, சாம்பார்?"

"அவை டிபனோடு வருபவை. அவை எப்படிச் சேரும்?"

படுக்கையில் இருந்த தில்லைநாயகம் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வாயைக் கட்டுகிறவன் டிபன் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று வீறாப்பாக இருந்து, கெஞ்சும்போதெல்லாம் சாப்பாடு சாப்பாடு என்று கெஞ்சியதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் வழி திறந்ததும் வயிறு திறந்துவிடவில்லை. முதல் இட்லியில் பாதிதான் இறங்கியது, அதுவும் பாலில் ஊறவைத்துக் குழைத்த பிறகு. "போதும்" என்றார். "ஆதிரைக்காக ஒரு வாய்" என்றாள் மங்கை. சற்று நேரம் கழித்து மறுபாதி. பிறகு தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம். அதற்கடுத்த நாள் பாசிப்பருப்பு தூக்கலாகப் போட்ட வெண்பொங்கல். காய்ச்சல் இறங்கியதும் சுண்டலும் அடையும். நாற்காலி ஒவ்வொரு நாளும் எடையைச் சொல்லிற்று. "சாப்பிடாமலே தேறிவருகிறீர்கள் ஐயா" என்று அளவன் வியந்தான். உடம்பில் தெம்பு வந்ததும் தில்லைநாயகம் மங்கையின் கண்டிப்பான பார்வைக்குக் கட்டுப்பட்டு அளவோடு நிறுத்திக்கொண்டார். காலையும் மாலையும் தண்ணீர்க்குழாய்ப் பாதையில் கனமான பையைச் சுமந்துகொண்டு நடந்தார்.

தோணித் துறையில் அவருடைய எடை எழுபதுக்கு ஒரு தேங்காய் அளவு குறைவாக நின்றது. பூமிக் கனத்தைத் தாங்கத் தெம்பிருக்கிறதா என்று கைப்பிடி வலுவைப் பார்க்கும் கருவியை அவர் பிழிந்த பிழியலில் துறைக்காரர் புருவத்தை உயர்த்தினார். காய்ச்சல் வாங்கிப் படுத்த சேவியர் எழுபதுக்குக் கீழே வந்திருந்தார். ஆனால் அந்தக் கருவியைப் பிடித்ததும் கை வெடவெடவென்று நடுங்க, அடுத்த தோணிக்குத் தள்ளிவிட்டார்கள். மங்கை அவரைத் தனியாகக் கூப்பிட்டு டிபன் ரகசியத்தைச் சொல்லிவிட்டுத்தான் தோணி ஏறினாள்.

ஏழு மாதம் உறக்கப் பெட்டியில் கிடந்து, பூமியில் ஒரு மாதம் நடை பழகி, மன்னார்குடி மண்டபத்து வாசலில் தில்லைநாயகம் போய் இறங்கினார். ஒவ்வொரு காலும் கல்லாகக் கனத்தது. ஆனாலும் கைத்தடி இல்லாமல், யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். வாழ்நாளிலேயே அவ்வளவு ஆரோக்கியமாக அவர் இருந்ததில்லை.

ஆதிரை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வேகத்திலேயே விலகி, அவர் முகத்தைப் பார்த்து விசும்பினாள். "என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க! உடம்பு சரியில்லையா?"

அதற்குள் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "சுகரா மாப்பிள்ளை?" "அங்க சோறே போடலையா?" "முகத்துல களையே இல்லையே!" நிற்க முடியாமல் கிடந்தபோது ஊரே வந்து பாராட்டியது, தேக்கு மாதிரி வந்து நிற்கும்போது ஊரே துக்கம் விசாரிக்கிறது. யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் அவர் சிரித்துவைத்தார்.

மறுநாள் முகூர்த்தத்தில் மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்து முடியும்வரை அவர் கால் நடுங்கவில்லை. கண்தான் வழிந்தது. மேடையை விட்டு இறங்கியவரைச் சம்பந்தி கையோடு பந்திக்கு இழுத்துப் போனார். நாலு இட்லி, ஒரு கரண்டி பொங்கல், இரண்டு வடை, ஒரு பூரி, கேசரி. வேண்டாம் என்று இலையை மறைத்த கையின் மேலேயே ஒரு தோசை விழுந்தது.

எழுந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது மைத்துனர் எதிரே வந்தார். "என்ன மாமா, சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல மாப்ள. இப்பத்தான் டிபன் ஆச்சு."

திரும்பிப் போகும் தோணிக்கும் அதே எழுபது கிலோதான். அதற்காக அளவனின் நகல் ஒன்று அவருடைய மணிக்கட்டுப் பட்டையில் கூடவே வந்திருந்தது. அது மெல்ல அதிர்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கவலையோடு சொன்னது:

"ஐயா, காலையிலிருந்து தாங்கள் வெறும் வயிற்றோடு இருக்கிறீர்கள். இன்னும் சற்று நேரத்தில் சாப்பாட்டுப் பந்தி தொடங்குகிறது."