கழற்றி வைத்த பிரதி

யாரும் தொடாமலே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. மருந்தகத்திலும் மாடியிலும் கதிர்வீச்சுப் பிரிவின் வாசலிலும் ஒரே நேரத்தில் அந்தக் கரகரப்பு எழ, சூடான மையின் வாடை நடையெல்லாம் பரவ, தாள்கள் தரையில் சரிந்துகொண்டே இருந்தன. எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்: ‘உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம். பணம் கொடுத்தால் சாவி.’

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவர் பதிவுகளைப் புரட்டினார். யாரோ திறந்த ஒரு போலி மெயில் வழியாக நுழைந்தவர்கள், நாற்பது நாளாக உள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள். காப்புப் பிரதிகளையும் அழித்த பிறகுதான் பூட்டியிருக்கிறார்கள்.

அறைக்கு வெளியே, கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில், சக்கர நாற்காலியில் அவருடைய அக்கா.

"டேய் தம்பி, என்னை எப்படா கூப்பிடுவாங்க?"

"இதோ ஆச்சுக்கா."

அவளுக்குக் கதிர்வீச்சு முப்பதில் பத்தொன்பது முறை முடிந்திருந்தது. எந்தக் கோணம், எவ்வளவு கதிர் என்பதெல்லாம் பூட்டுக்குள்.

"அளவு தெரியாம மெஷினைத் தொட மாட்டேன். நாள் தள்ளிப்போனா கட்டி திரும்ப வளரும். ஏதாவது பண்ணுங்க," என்றார் டாக்டர்.

ஒரு டிஸ்க் மட்டும் மிச்சம். வாராவாரம் பிரதி எடுத்து, கழற்றி, இரும்பு அலமாரியில் பூட்டுவார். ‘என்ன சார், நகையா?’ என்று நர்சுகள் கிண்டல் செய்வார்கள். அலமாரிக் கதவில் அவரே எழுதி ஒட்டியது: ‘முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கு. சுத்தமான கம்ப்யூட்டரில் மட்டும் செருகு.’

சுத்தமான கம்ப்யூட்டர் நாளைதான் வரும். வெளியே அக்கா இருமினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், அந்தத் தாளைப் பார்க்காமலே அலமாரியைத் திறந்தார். வயரைப் பிடுங்காமலே தன் மேஜைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது. பட்டியல் விரிந்தது. அக்காவின் பெயர் இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரிண்டர்கள் நின்றன.

எல்லாம். ஒரே நொடியில்.

திரையில் அம்பு நகர்ந்தது. அவருடைய கை மடியில் இருந்தது.

முதல் பெயர் மாறியது. வெறும் எண்கள். அடுத்தது. அதற்கடுத்தது. அம்பு இறங்கியது. நிதானமாக. அக்காவின் பெயர் மேல் நின்றது.

பாய்ந்து டிஸ்க்கைப் பிடுங்கினார். அதற்குள் அந்தப் பெயரும் எண்களாகியிருந்தது.

வாசல் பிரிண்டர் ஒரே ஒரு தாளைத் தள்ளியது. ‘நன்றி. இது ஒன்றைத்தான் நாற்பது நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.’

சக்கரம் கிறீச்சிட்டது. அந்தத் தாளின் மேலேறி உள்ளே வந்தாள் அக்கா.

"என் பேரைக் கூப்பிட்டாங்களாடா?"