சம்பந்தி விருந்துக்கு இரண்டு குச்சிகள்

பொன்னுரங்கம் வாய்க்குக் கொண்டுபோன பணியாரம் வாய்க்குப் போகவில்லை. இரண்டு குச்சிகளுக்கு நடுவிலிருந்து வழுக்கி, நிலவுக்கே உரிய நிதானத்தோடு மேலே எழும்பி, கூரையிலிருந்த கசிவு உணரியின் வாயில் போய் அடைத்துக்கொண்டது. காற்று எங்கோ கசிகிறது என்று உணரி முடிவு கட்டிவிட்டது. சங்கு ஊதியது. ஏழாம் மாடியின் கதவுகள் எல்லாம் தாமாகவே இறுக மூடிக்கொண்டன.

குடித்தனக்காரர்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆணியில் தொங்கிய கவச உடைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடித் தலைக்கவசத்துக்குள்ளிருந்தபடியே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள், கீரை ஆய்ந்தார்கள். அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"என்ன அண்ணே, இன்னைக்கும் பணியாரமா?" எதிர்வீட்டு நாச்சியப்பன் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"ஆமா தம்பி. போன ரெண்டு தடவையும் கோலா உருண்டை. இப்பதான் பணியாரத்துக்கு வந்திருக்கேன். முன்னேற்றம்தானே?"

"ராக்கெட் விடுறவனுக்குக்கூட இந்தக் குறி வராது," என்றாள் மனைவி தேனம்மை, தலைக்கவசத்தின் பூட்டைத் திருகியபடி.

நிலவின் பனிச்சுரங்கத்தில் குழாய் மெக்கானிக்காக இருந்த பொன்னுரங்கம் இந்த வயதில் குச்சி பிடித்ததற்குக் காரணம் மகள் யாழிசையின் கல்யாணம். சாதகக் கட்டங்களை மனிதர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இப்போது பழக்கப் பொருத்தம்தான். குறட்டையின் சுருதி, குளிக்கும் நீரின் சூடு, சண்டையில் யார் முதலில் மௌனமாவார்கள் என்பது வரை அளந்து சொல்வதற்குப் 'பொருத்தர்' என்ற இயந்திரம் வீடு தேடி வரும். பூசணிக்காய் அளவில் ஓர் உலோக உருண்டை, மூன்று கால், நெற்றியில் பொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு விளக்கு.

யாழிசைக்கும் செவ்வாயில் இருக்கும் மகிழனுக்கும் ஒன்று விடாமல் பொருந்தியது. இருவரும் ஒருவரையொருவர் ஏற்கெனவே விரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பதால் பொருத்தருக்கு அதிக வேலை இருக்கவில்லை. பாக்கி இருந்தது சம்பந்தி விருந்து மட்டும். அங்கேதான் பொன்னுரங்கத்துக்குப் பயம். முன்பு வந்த வரன் ஒன்று, அவர்கள் வீட்டுப் பாயசத்தில் முந்திரி தேடத் தொலைநோக்கி வேண்டும் என்று அவர் அடித்த ஜோக்கில் கலைந்துபோனது. மாப்பிள்ளையின் அம்மா பாதி இலையில் எழுந்துவிட்டார்.  அன்று யாழிசை அப்பாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டார் குச்சிகளால் மட்டுமே உண்பவர்கள். உணவில் விரல் படுவதைக் கண்டால் அவர்களுக்கு ஒவ்வாது," என்று பொருத்தர் இந்தத் தடவை முன்கூட்டியே எச்சரித்திருந்தது.

"சாம்பாரையுமா?"

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

"நன்றி இருக்கட்டும். சாம்பாரை எப்படிக் குச்சியால சாப்பிடுவாங்க?"

"தங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது."

எனவே பயிற்சி நடந்தது. சாப்பிடுவதற்குத்தான் அந்தக் குச்சிகள் உதவவில்லையே தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் உதவின. கவச உடைக்குள் முதுகு அரித்தால் கழுத்து வளையத்தின் வழியே விட்டுச் சொறிந்துகொள்ள அதைப் போல ஒரு கருவி சூரிய மண்டலத்தில் கிடையாது. தொட்டியில் அடைத்த முடியை எடுத்தார். சாய்ந்த புதினாவுக்கு முட்டுக் கொடுத்தார். யாழிசை ஒன்றைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போக, எங்கே வாங்கியது என்று நாலு பேர் கேட்டார்கள். பொன்னுரங்கம் மட்டும் ஒவ்வொரு வேளையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முன்னிலும் இளைத்து எழுந்தார்.

"அப்பா, முடியலன்னா விட்டுடுங்க. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்," என்றாள் யாழிசை.

"சும்மா இரு. உங்கப்பன் குழாய்க்குள்ள குழாய் மாட்டினவன். இது என்ன, ரெண்டு குச்சி," என்றார். சொல்லும்போதே ஒரு குச்சி கீழே விழுந்தது.

உறக்கக் கப்பலில் படுத்து எழுந்தபோது செவ்வாய் வந்துவிட்டது. மகிழனின் அப்பா அருள்நம்பி காளான் பண்ணை வைத்திருந்தவர். கனத்த மனிதர், கனத்த மீசை. குமிழ்நகரின் சிவந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து இருபது பேர் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில் இரண்டு குச்சிகள்.

பொன்னுரங்கம் முதலில் வடையைப் பார்த்தார். வடைக்கு நடுவில் ஓட்டை எதற்காக என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது. குச்சியை உள்ளே விட்டுத் தூக்கினார். நிமிர்ந்தால், எதிரே சம்பந்தியும் அப்படியே தூக்கிக்கொண்டிருந்தார். ஆக, முறை சரிதான். சம்பந்தி இடியாப்பத்தை நூற்கண்டு சுற்றுவதுபோலக் குச்சியில் சுற்றினார். செவ்வாய் வழக்கம் போலிருக்கிறது என்று இவரும் சுற்றினார். சாம்பாருக்கு என்ன செய்வார்கள் என்று காத்திருந்தார். சம்பந்தியும் காத்திருந்தார். கடைசியில் இருவரும் குச்சியை நனைத்து நனைத்துச் சப்பினார்கள்.

விருந்து முழுவதும் யாரும் பேசவில்லை. கூட்டைப் பற்றி, பாயசத்தைப் பற்றி, யாருக்கு முதலில் பரிமாறினார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபது பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டு தத்தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கத்துக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. கையலம்பியதும் தட்டு மாற்றினார்கள். யாழிசை அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு மனசு நிறைந்தது. வயிறுதான் நிறையவில்லை.

பசி அவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனது. அங்கே அரிசி டிரம்முக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை சாம்பார் வழிய, அருள்நம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நிமிர்ந்தவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சம்பந்தி, நீங்க பார்க்கலன்னு வச்சுக்கலாமா?" என்றார் அருள்நம்பி.

"பார்த்துட்டேனே. இன்னொரு தட்டு இருக்கா?"

முதல் கவளம் உள்ளே போனதும் பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது. "ஆமா, நீங்க குச்சிக்காரங்களாச்சே?"

"நாங்களா? எங்க பரம்பரையே கைதான். நீங்க நிலாக்காரங்க, சோத்துல விரல் பட்டா எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு பொருத்தர்தான் சொன்னாரு. ரெண்டு மாசப் பயிற்சி. எங்க வீட்டம்மாவுக்கு விரலே வீங்கிப் போச்சு."

சாம்பார்க் கையோடு இருவரும் எழுந்தார்கள். விருந்துக்கும் கூடவே வந்திருந்த பொருத்தர் கூடத்து மூலையில் மின்னேற்றம் செய்துகொண்டு, கண்ணை மூடினாற்போல விளக்கை அணைத்திருந்தது.

"ஏன்யா எங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னே?" என்றார் பொன்னுரங்கம்.

"தங்கள் கேள்வி பதிவு..."

"பதிவு பண்ணாதே. பதில் சொல்லு. இயந்திரம் பொய் சொல்லலாமா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் முதல் தடவையாக ஏட்டுத் தமிழை விட்டு இறங்கி வந்தது.

"சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்குங்க. கல்யாணப் பேச்சுக்கு மட்டும் விலக்கு வாங்கி வச்சிருக்கோம். எத்தனையோ சம்பந்தம் பேசியாச்சு. பொருத்தம் இல்லாம நின்னுபோன கல்யாணம் ரொம்பக் கம்மி. இலையில உட்கார்ந்து நின்னுபோனதுதான் அதிகம். அடுத்தவங்க சமையல்ல குத்தம் தேடாம மனுஷங்களை உட்கார வைக்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். அவங்கவங்க கையில அவங்கவங்களுக்கு வராத ஒரு வேலையைக் குடுத்துடணும். இன்னைக்குக் கூட்டுல உப்பே போடல. இருபது பேர் சாப்பிட்டீங்க, ஒருத்தருக்கும் தெரியல."