ஒருவழி வளையம்

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மேசைமேல் இருந்த இரண்டு வாட்சுகளில் ஒன்றின் வளையம் இடம் மாறியிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தையா பல் டாக்டர் கவனித்தார் என்று கேட்கக் கூடாது. காலையிலிருந்து அவர் வேறு எதையுமே கவனிக்கவில்லை. டயலைச் சுற்றியிருக்கும் வளையத்தில் சின்ன முக்கோணம் ஒன்று உண்டு. இரண்டிலும் அந்த முக்கோணத்தைப் பன்னிரண்டுக்கு நேராக வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட எழுந்தார். சங்கிலிப் பட்டை போட்ட வாட்ச் வைத்தது வைத்தபடி இருந்தது. கருப்பு ரப்பர் பட்டை போட்டதில் மட்டும் முக்கோணம் நகர்ந்து, நிமிட முள்ளின் நுனிக்கு நேராகப் போய் நின்றிருந்தது.

"இதைத் தொட்டியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"எதை?"

"வாட்சை."

"குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. இதுல உங்க வாட்சைத் தொட்டுக் கொஞ்சிக்கிட்டு இருக்கேனாக்கும்," என்றாள் மனைவி.

நியாயமான பதில்தான். அன்று கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டுக் குழாய்களும் காலையிலேயே காய்ந்துபோயிருந்தன. விடுமுறை நாளாகப் பார்த்துக் கழுவுகிறார்களே என்று மனைவி கடுகடுவென்று இருந்தாள். டாக்டர் வளையத்தைத் திருப்பி முக்கோணத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அது ஒரு பக்கமாகத்தான் திரும்பும். கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டுமென்றாலும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் டிக், டிக் என்று ஒரு சத்தம்.

டாக்டருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே கரை எங்கே என்று பார்க்கிற ஆள். ஆனால் டைவ் வாட்ச் என்றால் உயிரை விடுவார். கடலுக்குள் குதிக்கிறவர்கள் கட்டுகிற கனத்த வாட்சுகள், ஒன்றைப்போலவே இன்னொன்று, கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் குழி குழியாக அடுக்கியிருந்தார். மனைவியின் கண்ணுக்கு எல்லாம் ஒரே வாட்ச்தான். பெட்டியில் இன்னும் ஒரே ஒரு குழிதான் காலி. அது நிரம்பியதோடு இந்தப் பைத்தியத்தை ஏறக்கட்டிவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் இந்தக் கடைசி வாட்சைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை பாடு.

பழைய வாட்ச் விற்கும் கடைக்காரர் நம்பிக்கையின்பேரில் இரண்டையும் வீட்டுக்கே கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே நீல டயல். "சாயங்காலம் ஆள் அனுப்பறேன் டாக்டர், வேண்டாததைக் குடுத்து அனுப்பிடுங்க," என்றார். ரெண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்ததாம். அந்த வீட்டம்மா ஒரு டப்பா நிறைய அரிசி போட்டு, அதற்குள் இரண்டையும் புதைத்துக் கொண்டுவந்து, கையால் தொடாமல் அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனாளாம். "ஈரம் இழுக்கட்டும்னு போட்டிருக்காங்கபோல. ரெண்டுல ஒண்ணுதான் நிஜமாவே கடலுக்குள்ள போயிருக்குன்னாங்க. எதுன்னு கேக்கறதுக்குள்ள படியிறங்கிட்டாங்க," என்று கடைக்காரர் சிரித்தார்.

டாக்டருக்கு அதைக் கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறியது. நிஜமாகவே கடலைப் பார்த்த வாட்ச். அவருடைய பெட்டியில் இருந்தவற்றில் ஒன்றுகூடக் கை கழுவும் தொட்டியைத் தாண்டியதில்லை. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. பொய்ப்பல்லுக்கு நிறம் பொருத்துவதற்காக கிளினிக்கில் வைத்திருக்கும் மாதிரிப் பற்களின் வரிசையைக்கூட எடுத்துவந்து, டயலில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் எந்த அளவுக்குப் பழுப்பேறியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக ஒட்டவைத்துப் பார்த்தார். இருபது பேர் வாயைத் திறந்து நின்றாலும் யார் பல் எந்த நிறம் என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர் அவர். இங்கே இரண்டும் ஒரே பழுப்பு. எரிச்சல் தலைக்கேறியது.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க," என்றாள் மனைவி, கையில் காலி வாளியுடன் வாசலில் நின்று. "கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுங்க. காலையிலேருந்து உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"உனக்குப் புரியாது."

"புரிய வேணாம். அப்புறம், இங்க யாரு தண்ணிய ஊத்தினது? இருந்த ஒரு குடத்தையும் கொட்டிட்டீங்களா?"

குனிந்து பார்த்தார். மேசைக்குக் கீழே, ரப்பர் பட்டை வாட்ச் இருந்த பக்கம், தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மனைவி பழந்துணி எடுக்கப் போனதும் விரலால் தொட்டு முகர்ந்தார். கருவாட்டுச் சாக்கைப் பிரித்ததுபோல ஒரு வாடை. குழாயில் இல்லாத தண்ணீர் தரைக்கு எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியவர், ஆகா, அப்படியானால் ரப்பர் பட்டைதான் கடலுக்குள் போனது என்று உள்ளுக்குள் துள்ளினார். ஆசை அப்படித்தான் ஆளைக் கெடுக்கிறது.

அடுத்து இருட்டுச் சோதனை. சாமான் போட்டுவைக்கும் சின்ன அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு வாட்சுகள்மீதும் டார்ச் வெளிச்சத்தை நன்றாகப் பாய்ச்சி, இடது மணிக்கட்டில் ரப்பரையும் வலதில் சங்கிலியையும் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பழைய அட்டைப்பெட்டிகளின் வாசனையும் பூச்சி உருண்டையின் நெடியும் முதலில் மூக்கில் ஏறின, பிறகு அவை இரண்டுமே மெல்லப் பின்வாங்கி, அந்த உப்பு வாடை மட்டும் இருட்டில் தங்கியது. வலது கையில் பச்சைப் புள்ளிகள் வட்டமாக, தெளிவாக ஒளிர்ந்தன. இடது கையிலும் ஒளிர்ந்தன, ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசைப் பார்ப்பதுபோல, அவை நெளிந்து நெளிந்து தெரிந்தன.

டிக்.

அவர் எதையும் தொடவில்லை. இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் தனித்தனியாக நீண்டிருந்தன.

டிக்.

இடது கையில், பன்னிரண்டில் அவர் வைத்த முக்கோணம் மறுபடி நிமிட முள்ளுக்கு நேராக வந்திருந்தது; இப்போது அங்கிருந்து ஒரு பல் பின்னால் போனது. அதன் அர்த்தம் அவருக்கு அத்துப்படி. வருகிற போகிறவர்களிடமெல்லாம் விளக்கிய விஷயம்தான். தண்ணீருக்குள் இறங்கும்முன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பார்கள். முள் அதைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு காற்று செலவாகிவிட்டது என்று கணக்கு. வளையம் பாறையில் இடித்துத் தவறுதலாக நகர்ந்தாலும், காற்று குறைந்துவிட்டதாகத்தான் காட்டும். ஒருநாளும் கூடுதலாகக் காட்டாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது.

டிக். டிக்.

மூச்சை இழுத்தார். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தார். அதிலும் பாதி. நெஞ்சுக்கு மேல் யாரோ மெத்தை மெத்தையாக அடுக்குவதுபோலக் கனம் கூடிக்கொண்டே போனது. காதுகள் அடைத்துக்கொண்டன. கதவின் கைப்பிடியைத் தேடினார், கிடைக்கவில்லை, கிடைத்தது, வெளியே வந்து விழுந்தார். ரப்பர் பட்டையைப் பிய்த்து எறிந்த பிறகுதான் காற்று முழுசாக உள்ளே போனது.

பயந்துபோனார் என்பதே உண்மை. ஆனால் படித்த மனுஷர் அல்லவா, பயத்துக்கு ஒரு காரணம் தேட ஆரம்பித்தார். அடைசலான அறை. பூச்சி உருண்டை. அந்த ரப்பர் பட்டை எத்தனை வருஷப் பழசோ, அதிலிருந்து ஏதோ நெடி வந்து மூச்சைப் பிடித்திருக்கும். பட்டையை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்னக் கருவியால் ஸ்பிரிங் கம்பிகளை நெம்பி இரண்டு வாட்சுகளிலிருந்தும் பட்டைகளைக் கழற்றினார். மொட்டையான இரண்டு நீல முகங்களையும் துணியால் அழுத்தித் துடைத்து, வளையங்களைப் பன்னிரண்டுக்கு வைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாடை ஒட்டியிருக்கும் என்று மேசையையும் துடைக்க எண்ணி, இரண்டையும் எடுத்து ஒரு கைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. கடைவாய்ப் பல் வலியில் துடிக்கிற ஒரு நோயாளி. எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று பொறுமையாகச் சொல்லி முடித்து, கையைத் திறந்து பார்த்தார்.

எது எது?

திருப்பிப் பார்த்தார். பின்மூடியில் எண்கள் பொறித்திருந்தன. எந்த எண் எந்தப் பட்டையோடு வந்தது என்று அவர் பார்த்துவைத்துக்கொள்ளவில்லை. புதிதாக வாட்ச் வாங்குகிறவன்கூட முதலில் அதைத்தான் பார்ப்பான். நாள் முழுக்கப் புள்ளிகளின் பழுப்பை ஆராய்ந்த மேதைக்கு அது தோன்றவில்லை. முகர்ந்தார். இரண்டிலும் துணியின் சோப்பு வாசனை. காதில் வைத்தார். இரண்டும் சாதுவாக ஓடின. தன் தலையிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கைக்கு வந்ததற்குக் கைக்கு வந்த பட்டையை மாட்டினார். ஒன்றைக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று மணிக்கட்டுவரை கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, கீழ லாரித் தண்ணி வந்திருக்காம். ஒரு வாளியாவது பிடிச்சுட்டு வாங்க. அந்தக் கருமத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் மனைவி.

வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வரிசையில் நிற்கும்போதுதான் மனசுக்குள் ஒரு முடிவு வந்தது. இரண்டுமே வேண்டாம். இரண்டையும் கடைக்காரரின் ஆளிடமே கொடுத்துவிடலாம். குழி காலியாகவே கிடக்கட்டும். இதை நினைத்ததும் நாள் முழுக்க இல்லாத நிம்மதி வந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை பாடு பட்டோம் என்று தன்மேலேயே சிரிப்பு வந்தது. வாளி நிரம்ப நேரமானது. தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு படியேறினார். இருட்டத் தொடங்கியிருந்தது.

மேசைமேல் ஒன்றும் இல்லை.

"வாட்ச் எங்க?"

"ஆள் வந்தான், ஒண்ணக் குடுத்து அனுப்பிட்டேன்," என்று படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அதில் கொஞ்சம் விளையாட்டும் இருந்தது. "நீங்க இந்த ஜென்மத்துல முடிவு பண்ண மாட்டீங்க. அதான் நானே பண்ணிட்டேன். ரப்பர் போனாச்சு. சங்கிலி என் கையில இருக்கு. வந்து கெஞ்சிக் கேளுங்க, தரேன். பாருங்க, எனக்கு நல்லாத்தான்"

அதோடு நின்றது.

வாளியைக் கீழே வைத்தார். பாதி வாக்கியத்தில் அவள் நிறுத்தியதே கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"நல்லாத்தான்?" என்றார் அவர். "என்ன நல்லாத்தான்?"

டிக்.

"ஏம்மா, அதக் கழட்டு. இப்பவே கழட்டு."

டிக். டிக். டிக். நிற்காமல்.

உப்பு வாடை கதவு வழியாக வந்தது. ஓடினார். படுக்கையறை வாசலைத் தாண்டியதும் கால்கள் கனத்தன. இடுப்பளவு ஆற்றில் நடப்பதுபோல ஒவ்வோர் அடியையும் இழுத்து வைக்க வேண்டியிருந்தது. தரை காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. விசிறி ஓடவில்லை.

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன.

இடது கை மட்டும் படுக்கையில் இல்லை. மேலே எழுந்து, தாங்குவார் இல்லாமல், லேசாக ஆடிக்கொண்டு நின்றது. மணிக்கட்டில் சங்கிலி. பச்சைப் புள்ளிகள் நெளிந்தன.

கையைப் பற்றினார். ஐஸ். கொக்கியை நெம்பினார். திறந்தது. வாட்ச் கழன்று அவர் கையோடு வந்தது.

கை இறங்கவில்லை.

உலுக்கினார். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவளுடைய கூந்தல் முழுவதும் தலையணையைவிட்டு எழுந்து, இழை இழையாகப் பிரிந்து, அவர் முகத்தைத் தடவி மெதுவாக அலைந்துகொண்டிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. வெகு உயரத்தில் எங்கோ இருக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உதடுகள் பிரிந்தன. கோலிக்குண்டு அளவில் ஒரு நீர்க்குமிழி வெளியே வந்தது. அது உடையாமல், அவசரப்படாமல், அவருடைய கண்ணுக்கு முன்னால் விட்டத்தை நோக்கி ஏறிப்போனது. அதற்குப் பின்னால் வேறு ஒன்றும் வரவில்லை.