அழற்சி இல்லாத ரத்தம்

ரத்தப் புட்டி சில்லென்று இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து காற்றுக்குழாய் வழியே சீறிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து விழும் புட்டிகளில் உடம்புச் சூடு எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும். இது விரலைக் கடித்தது. ஒட்டியிருந்த பெயரை இர்யா படித்தாள். வெய்க்கோ. அவள் புருஷன்.

தண்டர் பே என்ற பனி ஊரில், உறைந்த ஏரியைத் துளைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்று விழுந்தவன். கூட்டாளிகள் விலா எலும்பு நொறுங்க நொறுங்க நெஞ்சை அழுத்தி மீட்டார்கள். அப்படி மீண்டவர்களின் ரத்தத்தில், உடம்பின் காயத்தைக் காட்டும் அழற்சி அளவு கொதித்து ஏறும். எல்லை மீறி ஏறினால் ஆள் தங்குவது கஷ்டம். எத்தனையோ பேரின் அளவைப் பார்த்து உச்சுக் கொட்டியவள், இன்று எந்திரத்தின் முன் நின்று, இறங்கு, இறங்கு என்று கெஞ்சினாள்.

திரையில் பூஜ்யம்.

"அடியே, இறங்கிடுச்சு!" பக்கத்து மேஜை லோர்னா துள்ளினாள். "பனி உருகறதுக்குள்ள மறுபடி தூண்டிலத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான் பாரு உன் ஆளு."

"விலா உடஞ்சு கிடக்குடி. தொண்டையில குழாய். நல்லா இருக்கறவனுக்கே கொஞ்சம் காட்டுமே?"

"மெஷின் மக்கர் பண்ணுதோ என்னவோ. உன் ரத்தத்தப் போட்டுப் பாரு."

சந்தேகம் வந்தால் அங்கே எல்லோரும் செய்வதுதான். லோர்னாவே ஊசி குத்தினாள். ஸ்பிரிட் வாசனை, குளிர்பெட்டியின் ரீங்காரம், மத்தியானமே இருட்டத் தொடங்கிவிட்ட ஜன்னல், அதில் பொரபொரவென்று உரசும் பனித்தூள்.

அவள் எண் வந்தது, எல்லையைத் தாண்டி. லோர்னாவின் சிரிப்பு நின்றது. இவ்வளவு அளவோடு யாரும் எழுந்து நடமாட முடியாது.

"நேத்து அவன் கையப் பிடிச்சிட்டு அழுதேன்டி," என்றாள் இர்யா மெதுவாக. "என்னோடத எடுத்துக்கோ, உன்னோடத எனக்குக் குடு, நீ எழுந்தா போதும்னு சொன்னேன்."

லோர்னா ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினாள்.

இர்யா மாடிப்படி ஏறி ஓடினாள். மூச்சு வாங்கவே இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

"முழிச்சிட்டார் பாருங்க!" நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குழாய இப்பதான் எடுத்தோம்."

வெய்க்கோவின் கன்னம் சிவந்திருந்தது. உயிரோடு இருக்கிறான். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சைப் பார்த்தான். சிரித்தான்.

அவளைப் பயம் கவ்வியது.

தலைமாட்டு எந்திரத்தில் அவன் துடிப்பு தடதடவென்று ஏறியது.

பல்லைக் கடித்து மனதை அடக்கினாள். அவன் துடிப்பு நிதானமானது. மறுபடி பயம். மறுபடி தடதட.

இர்யா தன் நெஞ்சில் கை வைத்தாள்.

துடிப்பே இல்லை.