எதையும் தள்ளாத உடம்பு

கொசு கடித்த இடம் தடிக்கவில்லை.

புரட்டாசி மாதத்து விடியல். ஐந்தரை மணி டியூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பாதுரை, பாயில் படுத்திருந்த மனைவியைத் தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தான். சந்திரகலாவின் முன்கையில் மூன்று கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றின் வயிறும் சிவந்து உப்பியிருந்தது. குனிந்து கையை வீசினான். இரண்டு, கனம் தாங்காமல் தாழப் பறந்து போயின. ஒன்று நகரவே இல்லை. அதை விரலால் தள்ளினான். அடியில் தோல் வழவழவென்று இருந்தது. சிவப்பில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கொசு கடித்தால் எட்டணா அகலத்துக்கு வீங்குகிற உடம்பு அவளுடையது.

"நேரமாயிடுச்சா?" என்று கண்ணைத் திறந்தாள். எழுந்தாள். கையை ஊன்றாமல், சுவரைப் பிடிக்காமல், ஒரே அசைவில் எழுந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் கொசுவை மறந்துபோனான்.

அடி அண்ணாமலையில் அவர்கள் குடியிருந்த அந்த இரண்டு அறை வீட்டில், ஏழு வருஷமாக விடியல் என்பது ஒரு முனகல் சத்தம்தான். முடக்குவாதம் அவளுக்கு இருபத்தொன்பதாவது வயதில் வந்தது. முதலில் விரல் கணுக்கள், பிறகு மணிக்கட்டு, முட்டி. காலையில் எழுந்ததும் கை இரண்டும் மரக்கட்டையாகக் கிடக்கும். வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவது, தலை வாரிப் பின்னிவிடுவது எல்லாம் அப்பாதுரைதான். பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர் அவன். டிரைவர்களை நிமிஷக் கணக்கில் விரட்டுகிறவன், வீட்டில் சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆனாலும் அவளை அவசரப்படுத்தியதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் அவள் முகம் ஊதிப்போனது. அந்த மாத்திரையும் கேட்காமல் போனபோதுதான் யாரோ செங்கம் ரோட்டு டாக்டரைச் சொன்னார்கள்.

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். நிதானமாகப் பேசினார்.

"உடம்புல காவல் காக்குற அணுக்கள் இருக்குது அப்பாதுரை. உங்க வீட்டம்மாவுக்கு அந்தக் காவல்காரன் வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்கிறான். அதான் வீக்கம், வலி எல்லாம். இது பெப்டைடுன்னு ஒரு மருந்து. புரதத்தோட சின்னத் துண்டு. இவங்க நம்ம ஆளு, விட்டுடுன்னு அவனுக்குச் சொல்லிக்குடுக்கும்."

சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. அதில் தண்ணீர் மருந்தைக் கலந்து, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, தொப்புளுக்குப் பக்கத்துச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில். அவன் சாயங்காலம் ஆறரை என்று வைத்துக்கொண்டான். குப்பிகளைப் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியின் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் வலி குறைந்தது. இரண்டாவது மாதம் விரல்கள் நிமிர்ந்தன. மூன்றாவது மாதம் அவள் தானே தலை பின்னிக்கொண்டாள். அன்றைக்குக் காலையில் அவன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றான்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அவள் கிரிவலம் நடந்தாள். பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலோடு. அவன் பாதியில் உட்கார்ந்தபோது, "இன்னும் கொஞ்ச தூரம்தாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியில் பலம் இருந்தது. நிலா வெளிச்சத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே நடக்கிற அவளைப் பார்த்தபடியே அவன் எழுந்து பின்னால் நடந்தான்.

நான்கு நாள் கழித்து, அவள் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, குதிகாலில் கறுப்பாக எதையோ கண்டான். கருவேல முள். நகத்தால் பற்றி இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு.

"சந்திரா, இதோட எப்படி நடந்த?"

"எதோட?" என்று திரும்பினாள். முள்ளைப் பார்த்தாள். "அட. தெரியலையே. வலிக்கலங்க."

ரத்தம் வரவில்லை. சீழ் இல்லை. முள் இருந்த இடத்தில் காது குத்தின துளை மாதிரி, ஓரமெல்லாம் வழவழவென்று ஒரு ஓட்டை இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினான். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தான். ஓட்டை அப்படியே இருந்தது. மூடவும் இல்லை, விரியவும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து ஒரு கட்டெறும்பு குதிகால் மேல் ஏறியது. ஓட்டையின் விளிம்பில் நின்று மீசையை ஆட்டியது. உள்ளே போனது.

அவன் காத்திருந்தான். அது வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டின் சத்தங்கள் அவனுக்கு வேறாகக் கேட்க ஆரம்பித்தன. விடியலில், முனகல் இல்லாத அந்தப் புதிய அமைதியில், எங்கோ முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி ஒரு மெல்லிய சரசரப்பு. கூரை ஓட்டில் எலியோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தான். அடுப்படியில் அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தபோது, அது மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. தூங்குகிற மனைவியின் முதுகில் காதை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். அவள் மேல் ஒரு வாசனை வந்தது. கெட்ட வாசனை இல்லை. மழைக்கு முன்னால் மண்ணைக் கிளறினால் வருகிற வாசனை. அவள் இதழோரத்தில் சிரிப்பு இருந்தது. ஏழு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆதிலட்சுமி மருந்துக் குப்பிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள்.

"ஃப்ரிட்ஜுல எடம் பத்தலண்ணா. வேற எங்கனா வச்சுக்கங்க."

"என்னாச்சும்மா? சந்திரா எதுனா சொல்லிட்டாளா?"

"அண்ணி என்னாத்த சொல்லப்போவுது." ஆதிலட்சுமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மதியானம் கொழம்பு குடுக்கலாம்னு வந்தேன். தூங்கினு இருந்திச்சு. வாயில ஈ உக்காந்திருந்தது. ஓட்டலாம்னு கிட்ட போனேன். அது வெளியில இருந்து வந்த ஈ இல்லண்ணா. உள்ள இருந்து வருது. திரும்பி உள்ள போவுது. அண்ணி பாட்டுக்குத் தூங்குது." அவள் கண் கலங்கியிருந்தது. "டாக்டராண்ட காட்டுங்க. எம்மேல கோவப்படாதீங்க."

டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"வீக்கத்தோட அளவு இவ்ளோ கம்மியா நான் பாத்ததே இல்ல. ரொம்ப நல்லாயிருக்கு."

"சார், அந்தக் காவல்காரனுக்கு நம்ம ஆளை விட்டுடுன்னு சொல்லிக்குடுக்குதுன்னீங்க. அவன் எல்லாரையும் விட ஆரம்பிச்சிட்டான்னா?"

 டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். முள்ளையும் எறும்பையும் பற்றி அவன் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கடைசியில், "நிறுத்திப் பாருங்க" என்றார். "வலி திரும்பி வரும். பழைய மாதிரியே வரும். வந்துட்டா நல்லதுன்னு எடுத்துக்கங்க."

மருந்து தீர்ந்துவிட்டது, புதுச் சரக்கு வரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னான். குப்பிகளை பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஐஸ் பெட்டியில் வைத்தான். கொட்டிவிட மனசு வரவில்லை.

 இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஆறரை ஆனதும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். ஐந்தாம் நாள் விடியலில் அந்த முனகல் கேட்டது.

அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காக அவன் பிறகு எத்தனையோ முறை தன்னையே வெறுத்தான். விளக்கைப் போட்டான். அவள் சுருண்டு கிடந்தாள். விரல்கள் மறுபடி வீங்கிக் கோணியிருந்தன. குதிகால் சிவந்து தெறித்தது. கைகள் இரண்டும் வலிக்கிற கணுக்களைப் பிடித்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிடித்திருந்தன.

"அடிக்குதுங்க" என்றாள். "அத அடிக்குது. நிறுத்தச் சொல்லுங்க."

"எதம்மா?"

அவள் அழுதாள். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன்."

 இதற்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்கியிருந்தது. ஒன்று மூன்றாம் மாதம் போனது. இன்னொன்று ஐந்தாம் மாதம், பெரியாஸ்பத்திரியில், ஒரு துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். அவள் உடம்பே அதை அந்நியமென்று தள்ளிவிட்டது என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தத் தடவ தள்ளலைங்க. நீங்க போட்ட ஊசியால தங்கிடுச்சு. அசையுது. நாலு நாளா என் உடம்பு அத கொல்லுது. எனக்கு வலிச்சா பரவால்ல. இதையும் துணியில சுத்திக் குடுக்கணுமா நீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சந்திரா. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

"பாத்தா எடுத்துடுவாங்க."

அவள் அதை எவ்வளவு அமைதியாகச் சொன்னாள் என்பதுதான் அவனை உறைய வைத்தது. அவளுக்குத் தெரியும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டாலும், எது இல்லையென்று தெரியும். கோணிப்போன விரல்களால் அவன் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் ஓர் அசைவு. ஒரு பக்கமிருந்து வந்த உதை இல்லை. எல்லாப் பக்கமும். அது அவன் கையின் சூட்டை உணர்ந்த மாதிரி அங்கே வந்து கூடியது. ஒரு பகுதி விலா எலும்புக்குக் கீழே ஏறிப் போனது.

அவன் கையை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியும், அந்த முகத்தில் ஏழு வருஷத்துக்கு முந்தின சந்திரகலா இருந்தாள்.

அன்று டியூட்டிக்குப் போனான். கீழ்பென்னாத்தூர் வண்டி ஆறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது, அவன் கவனிக்கவில்லை. ஜூஸ் கடைக்கு எதிரே மூன்று முறை நடந்தான். நான்காவது முறை உள்ளே போய்ப் பையை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாக மலையின் மேல் கடைசி வெளிச்சம். தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. அறை முழுக்க அந்த மண் வாசனை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புடவையை விலக்கி, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொடியில் தண்ணீர் மருந்தை விட்டான். உருட்டினான். 

"நான் பண்றது சரியா சந்திரா?"

"போடுங்க" என்றாள். "நேரமாவுது."

சதையைக் கிள்ளிப் பிடித்தான். விரலிடுக்கில் ஏதோ நழுவி விலகியது. வழிவிட்ட மாதிரி. ஊசியை ஏற்றினான். மருந்து இறங்கியது. சரசரப்பு நின்றது.

முழுசாக நின்றது. இப்படி ஓர் அமைதியை அவன் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. சந்திரகலாவின் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்லப் போனது. வீங்கிய விரல்களை விரித்து அவன் தலைமுடியைக் கோதினாள்.

ஊசியை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தான். லேசாக. உள்ளேயிருந்து எதுவோ ஊசியைப் பிடித்திருந்தது. முரட்டுப் பிடி இல்லை. மெத்தென்ற, சின்ன, நம்பிக்கையான பிடி. பிறந்த குழந்தை விரலைப் பிடித்துக்கொள்கிற பிடி.

"விடமாட்டேங்குது பாருங்க" என்று சந்திரகலா சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவன் அசையவில்லை. அந்தப் பிடிக்குப் பக்கத்தில் இன்னொரு பிடி வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று.