தும்மினால் இரண்டு பிள்ளைகள்

குண்டூசி தும்மினான். நடந்தது அவ்வளவுதான்.

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "யா ஹார் த்வோ பார்ன்" என்றாள்.

மூத்தவள் ரேடியோ எழுதுவதை நிறுத்தினாள். அம்மா சொன்னது ஸ்வீடிஷ். 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்று அர்த்தம். தப்பில்லாமல்தான் சொன்னாள். ஆனால், கேட்டது யார்?

"அம்மா, யார்கிட்ட பேசுன?"

"நானா? நான் ஒண்ணும் பேசலையே."

ரேடியோ என்பது ஐந்தாம் வகுப்பு படிக்கும் அந்த வீட்டுப் பெண்ணின் பட்டப்பெயர். காலையில் வாய் திறந்தால் தூங்கும்வரை மூடமாட்டாள். தம்பி ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக இருப்பதால் குண்டூசி. பெயர் வைத்தவர் அப்பா. வைத்துவிட்டு, வெகுதூரத்தில், ஸ்வீடிஷ் பேசும் ஓர் ஊருக்குத் தச்சு வேலைக்குப் போய்விட்டார். போய் இரண்டு வருடம் ஆகிறது. குண்டூசிக்கு அப்பா என்றாலே கைபேசிக்குள் இருக்கும் ஒரு முகம்தான்.

அம்மா ஒரு நர்ஸ். அப்பா இருக்கும் ஊரின் மருத்துவமனையில் ஆள் எடுக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை, அங்குள்ள பெரிய நர்ஸ் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார். நோயாளிகளோடு பேசும் அளவுக்கு அம்மாவுக்கு ஸ்வீடிஷ் வந்தால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அதற்காக அப்பா தன் குரலில் கேள்விகளைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். ஒரு கேள்வி, பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அடுத்த கேள்வி. அம்மா துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, பதில்களைத் தண்ணிபட்ட பாடாக்கிவிட்டாள். அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கூடவே கேட்டுக் கேட்டு ரேடியோவுக்கும் நாலு வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

ரேடியோ அந்தப் பதிவை மறுபடி போட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். அப்பா அதைப் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில் பேசியிருந்தார். மரத்தூள் மூக்கில் ஏறி, அப்பா 'அச்' என்று தும்முகிறார். உடனே, 'உனக்குப் பிள்ளைகள் உண்டா?' என்று கேட்கிறார். யாரோ சுத்தியலைக் கீழே போடுகிறார்கள். 'என்ன வேலை பார்க்கிறாய்?' கதவு கிறீச்சிடுகிறது. 'வேலைக்கு எப்படிப் போகிறாய்?'

ரேடியோவுக்குப் பொறி தட்டியது. மெல்லப் போய்க் கரண்டியைத் தரையில் போட்டாள்.

"யா ஏர் ஷூக்ஷேத்தெஷ்கா" என்றாள் அம்மா. 'நான் ஒரு நர்ஸ்.' வாய்க்குள் நாலைந்து பட்டாணி இருந்தால் வருகிற மாதிரிச் சொல் அது.

ரேடியோ கதவைக் கிறீச்சென்று திறந்தாள்.

"யா ஓக்கெர் புஸ்." 'பஸ்ஸில் போகிறேன்.'

குண்டூசி தரையில் உருண்டு சிரித்தான். ரேடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் எதுவும் இல்லாமல், "ஹார் டூ பார்ன்?" என்று கேட்டாள். பிள்ளைகள் உண்டா என்பதுதான் கேள்வி.

அம்மா விழித்தாள். "இரு, இரு... இது எத்தனாவது கேள்வி? பஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ரேடியோ நடந்ததை எடுத்துச் சொன்னாள். அம்மா ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை நாளும் நான் கேள்வியவே கேக்கலையா? சத்தத்துக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தேனா? சனிக்கிழமை அந்தம்மா எனக்காகத் தும்மவா போறாங்க?"

அன்று மாலை அப்பாவிடம் சொன்னபோது, முதலில் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இங்க யாராவது தும்மினா 'ப்ரூசித்'னு சொல்லுவாங்க. பிள்ளைங்க கணக்கைச் சொல்ல மாட்டாங்க!" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, சத்தமில்லாத இடமாப் பாத்துத் திரும்பப் பேசி அனுப்பவா?"

"வேணாம்ப்பா," என்றாள் ரேடியோ. "அதையும் அம்மா வரிசையா மனப்பாடம் பண்ணிடுவாங்க."

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான். அம்மாவுக்குப் பாடம் என்றால் பயம். விருந்தாளி என்றால் அப்படியில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து நாலு வார்த்தை பேசாமல் அம்மாவால் இருக்கவே முடியாது.

ரேடியோ கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினாள். "ஹே!" என்றாள். ஸ்வீடிஷில் வணக்கம் அவ்வளவு சின்னது.

"என்னடி வேஷம் இது? உள்ள வா, கை கால் கழுவு."

"ஃபெர்லோத். யா ஃபொஷ்தோர் இந்தெ." 'மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை.'

"வானரம்! தமிழ் புரியலையாம்!" என்று அம்மா அதட்டினாள். விருந்தாளி வாசலிலேயே நின்றாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் காட்டி, தயங்கித் தயங்கி, "வில் டூ ஹா வாத்தென்?" என்றாள். 'தண்ணீர் வேண்டுமா?'

"யா, தாக்!" என்றாள் விருந்தாளி. 'ஆமாம், நன்றி.' அந்த மொழியில் கேட்கும்போதும் தாக், வாங்கியபிறகும் தாக். தாக் இல்லாமல் ஒன்றும் நகராது.

அதன்பிறகு தினமும் மாலையில் விருந்தாளி வந்தாள். ஒருநாள் வழி தெரியாமல் வந்தாள். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வார் ஹார் டூ உன்ட்?" என்று அம்மா கேட்டாள். 'எங்கே வலிக்கிறது?' தலையில் கட்டுப்போட்ட நோயாளியாகக் குண்டூசி வந்து, வலிக்கிற இடத்தைக் கேட்டால் மேசையைக் காட்டினான். மேசைக்கு 'பூர்ட்', அந்த மேசைக்கு 'பூர்டெத்' என்று கற்றுக்கொண்டு, "அக்கா, வார்த்தைக்கு வால் முளைக்குது!" என்று கத்தினான்.

விருந்தாளிக்கும் பாதி வார்த்தைகள்தான் தெரியும். தெரியாததற்கு இருவரும் கையை ஆட்டினார்கள். புரியாதபோது சொல்ல ஒரு வாக்கியத்தை ரேடியோ அப்பாவிடம் கேட்டு வந்திருந்தாள். "எங் கோங் தில், தாக்." 'இன்னொரு தடவை, தயவுசெய்து.' அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் வியாழக்கிழமை, மருத்துவமனையில் நாள் முழுக்க நின்று களைத்து வந்த அம்மா, விருந்தாளியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "போதும்டி. எனக்கு வராது. என்னால உங்க அப்பா கூட இருக்க முடியாம நீங்களும் கஷ்டப்படுறீங்க." அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

ரேடியோ தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து, அம்மாவின் கழுத்தில் சுற்றினாள். "இன்னைக்கு நீ விருந்தாளி. உக்காரு. நான் நர்ஸ்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவின் காலைப் பிடித்து அமுக்கிவிட்டாள். "டூ ஹார் உன்ட்?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேட்டா, 'உனக்கு வலிக்குது'ன்னு நீயே சொல்ற மாதிரி இருக்கும்," என்றாள் அம்மா, கண்ணை மூடியபடியே. "கேள்வின்னா திருப்பிப் போடணும். ஹார் டூ உன்ட்?"

சொல்லிவிட்டுச் சட்டென்று கண்ணைத் திறந்தாள். "அடியே! எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங் கோங் தில், தாக்!" என்றாள் ரேடியோ. இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு அம்மா கால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று ஸ்வீடிஷில் விடாமல் புலம்பினாள். நர்ஸுக்குத்தான் பாதி புரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மா சீருடை போட்டுக்கொண்டு கைபேசிக்கு எதிரே உட்கார்ந்தாள். பிள்ளைகள் இருவரும் மேசைக்கு அடியில். மூச்சுக்கூட விடக்கூடாது என்பது உத்தரவு.

பெரிய நர்ஸ் திரையில் வந்தார். கண்ணாடி போட்ட, குட்டை முடி வைத்த அம்மாள். "ஹே!" என்றார். அப்புறம் மளமளவென்று ஏதோ கேட்டார். ரேடியோவுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அப்பாவின் பதிவில் இல்லாத கேள்வி அது.

மேசைக்கு அடியிலிருந்து அம்மாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ரேடியோ அம்மாவின் பாதத்தின்மேல் கையை வைத்தாள்.

"ஃபெர்லோத்," என்றாள் அம்மா. "எங் கோங் தில், தாக். லோங்சம்த்." 'மெதுவாக.'

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைக் காட்டி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அங்கே வானிலை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி!

"தே ரெங்னார்," என்றாள் அம்மா. 'மழை பெய்கிறது.' பெரிய நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு நோயாளிபோல் முனகினார். எங்கே வலி, எப்போதிலிருந்து என்று அம்மா கேட்டாள். பேச்சு ஓடியது.

அப்போதுதான் பெரிய நர்ஸ் முகத்தைச் சுளித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அச்!" என்று தும்மினார்.

மேசைக்கு அடியில் குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டான். ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு. இத்தனை பாடும் வீண். அம்மா இப்போது பிள்ளைக் கணக்கைச் சொல்லப்போகிறாள்.

"ப்ரூசித்!" என்றாள் அம்மா. "வில் டூ ஹா வாத்தென்?"

திரையில் பெரிய சிரிப்புச் சத்தம். அத்தனை தூரத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்? அவர் தன் மேசையிலிருந்த தம்ளரை எடுத்துக் காட்டி, "தாக், தாக்!" என்று ஒரு வாய் குடித்தார். பிறகுதான், "ஹார் டூ பார்ன்?" என்று கேட்டார்.

"யா ஹார் த்வோ பார்ன்," என்றாள் அம்மா. கைபேசியை எடுத்து மேசைக்கு அடியில் காட்டினாள். பெரிய நர்ஸ் கை அசைத்து, "வேல்கொம்னா" என்றார். அதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. எல்லோரும் வரலாம் என்று அந்த முகமே சொல்லிவிட்டது.

உடனே அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் பட்டறையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு தும்மல்.

"மரத்தூள்," என்றார் அப்பா.

"ப்ரூசித்," என்றாள் அம்மா. "ஹார் டூ பார்ன்?"

"யா ஹார் த்வோ பார்ன்," என்றார் அப்பா. "ரெண்டையும் கூட்டிட்டுச் சீக்கிரம் வந்து சேரு."